வேட்டை நின்ற காடு: பீஸ் ஆற்றுப் படுகையில் காரிபூ மானும் மரத்தொழிலும்

கனடாவின் வடபுலத்தில் அருகிவரும் உயிரினம் பற்றிப் பேச்செடுத்தாலே, மானைக் காப்பதா மனிதரின் வேலையைக் காப்பதா என்ற கேள்வி குறுக்கே வந்து நிற்கிறது. பிரிட்டிஷ் கொலம்பியாவின் பீஸ் ஆற்றுப் பகுதி வரலாற்றைப் பார்த்தால், இந்தக் கேள்வி மிகப் பிந்தி எழுந்தது என்பது புலப்படும். காரிபூ மானுக்காக அங்கே முதலில் பிழைப்பை விட்டுக்கொடுத்தவர்கள் மரவெட்டுத் தொழிலாளர்கள் அல்லர்; அந்த மானை வேட்டையாடி உண்டு வாழ்ந்த தொல்குடிகள். அவர்களது வேட்டை உரிமையை 1899இல் அரசுடன் உருவான எட்டாம் ஒப்பந்தம் ஏற்றிருந்தது. ஆனால் அந்த ஆற்றின் குறுக்கே 1968இல் கட்டி முடித்த பென்னட் அணையின் நீர்த்தேக்கம், மான்கள் வலசை போகும் பள்ளத்தாக்குகளை மூழ்கடித்தது. மந்தைகள் சுருங்குவதைக் கண்ட வெஸ்ட் மோபர்லி தொல்குடி மக்கள், 1970களில் தாங்களாகவே காரிபூ வேட்டையை நிறுத்தினர். வேலையிழப்புப் பட்டியல் எதிலும் இந்த இழப்பு ஏறவில்லை.

அணை தொடங்கியதை மரவெட்டும் சுரங்கமும் தொடர்ந்தன. காரிபூவின் குளிர்கால உணவு லைக்கன். நம் சமையலறைக் கல்பாசியின் இனம். அது மெல்ல வளர்வது, முதிர்ந்த காட்டில்தான் செழிப்பது. அந்தக் காட்டை வெட்டினால் புதர் தழைக்கிறது, புதரைத் தேடி மூஸ் என்னும் பெரிய மான் வருகிறது, மூஸைத் தொடர்ந்து ஓநாய் பெருகுகிறது. மர லாரிக்காகப் போட்ட சாலை ஓநாய்க்கும் வழியாகி, காரிபூவும் அதற்கு இரையாகிறது. ஆண்டுக்கு ஒரு கன்று மட்டுமே ஈனும் காரிபூவால் இந்த இழப்பை ஈடுகட்ட முடிவதில்லை. பதினொரு மான்களே எஞ்சியிருந்த பர்ன்ட் பைன் மந்தைக்காகத் தொல்குடிகள் நீதிமன்றம் ஏறினர். 2011இல் மாகாண மேல்முறையீட்டு நீதிமன்றம் அவர்கள் பக்கம் நின்றும், அந்த மந்தை பிழைக்கவில்லை.

ஓநாய்தான் குற்றவாளி என்றால் ஓநாயைச் சுட்டால் போதாதா என்று கேட்பவர்களுக்கு, அதே பகுதியின் கிளின்சே-ஸா காரிபூ மந்தையின் கதையே விடை. 2013இல் அதில் 38 மான்கள். வெஸ்ட் மோபர்லி, சோட்டோ ஆகிய தொல்குடிச் சமூகங்கள் ஓநாய்களைக் குறைத்தன. 2014 முதல் சினை மான்களைப் பிடித்து மலைமேல் வேலிக்குள் வைத்து, கன்றுகள் தேறியபின் விடுவித்தன. 2021இல் மந்தை 101 ஆனது. இது மகத்தான சாதனை. ஆயினும் வெட்டிய காடு முதிராதவரை ஓநாய் வேட்டையை நிறுத்த முடியாது. காடு முதிரப் பல பத்தாண்டுகள் வேண்டும். 2020இல் இரு தொல்குடிகளும் மத்திய, மாகாண அரசுகளும் செய்த ஒப்பந்தம் நிலத்தையே காக்க முனைந்தது இதனால்தான்.

செட்விண்ட் போன்ற மரத்தொழில் ஊர்கள் அதை எதிர்த்தன. பேச்சுவார்த்தையில் தங்களுக்கு இடமில்லை என்ற அவர்களது குறை முற்றிலும் நியாயமானது. காப்பிடம் விரிந்தால் ஆலைக்கு வரும் மரம் குறையும் என்பதும் உண்மை. அதை மறைத்துப் பேசுவது தொழிலாளிக்குச் செய்யும் அநீதி. ஆனால் ஆலைகள் தள்ளாடக் காரிபூ மட்டும் காரணமில்லை. கடுங்குளிர் தணிந்த குளிர்காலங்களில் பெருகிய பைன் வண்டு, மாகாணத்தின் விற்பனைக்குரிய பைன் மரத்தில் பாதிக்கு மேல் கொன்றது. பட்ட மரத்தை வீணாக்காமல் எடுக்க வெட்டளவை உயர்த்தினார்கள். அந்த மரம் தீர்ந்ததும் வெட்டளவு சரிந்தது. இயந்திரங்கள் ஆட்களைக் குறைத்தன. அமெரிக்கா மரத்துக்கு வரி போட்டது. வேலையும் மானும் ஒன்றையொன்று தின்னவில்லை. காடு வளரும் வேகத்தை மீறி வெட்டியது இரண்டையும் தின்றது. எனவே பாதுகாப்பின் செலவை ஒரு சிற்றூரின் ஆலைத் தொழிலாளி தலையில் மட்டும் இறக்குவது தகாது. மரத்தால் பல பத்தாண்டு வருவாய் கண்ட மாகாணமே ஊதியத்துக்கும் மறுபயிற்சிக்கும் பொறுப்பேற்க வேண்டும். சாலைகளை மூடி மீண்டும் காடாக்கும் பணியை அதே ஊர்க்காரர்களுக்குத் தரலாம். புல்டோசர் ஓட்டத் தெரிந்த கைகள் அங்கே உண்டு.

தொல்குடிகள் வேண்டுவது வேலியின் தயவில் பிழைக்கும் நூறு மான்களை அல்ல. மீண்டும் வேட்டையாடி உண்ணும் அளவுக்குப் பெருகிய மந்தையை. அந்த எண்ணிக்கையை 2021இன் 101 எட்டவில்லை.