பாலம் 46 நாளில் சரியாச்சு.. தனுஷ்கோடி ஸ்டேஷன் மட்டும் ஏன் திரும்பல?

ராமேஸ்வரம் போறவங்க தனுஷ்கோடியில் இடிந்த சர்ச் பக்கத்தில் நின்று செல்ஃபி எடுக்காமல் வருவதில்லை. அதற்குக் கொஞ்ச தூரத்தில்தான் ஒரு காலத்தில் பரபரப்பாக இருந்த ரயில் நிலையமும் சிதைந்து கிடக்கிறது.

இங்கே ரயில் எதற்கு?

1914-ல் பாம்பன் பாலம் திறக்கப்பட்டதும், சென்னையிலிருந்து இலங்கைக்குப் போகும் வழியாக தனுஷ்கோடி மாறியது. 'போட் மெயில்' ரயிலில் வந்து இறங்குபவர்கள் இங்கே கப்பல் ஏறி தலைமன்னார் போவார்கள். அங்கிருந்து கொழும்புக்கு மறுபடியும் ரயில். அப்போது ராமேஸ்வரத்துக்கு பாம்பனில் இருந்து பிரியும் கிளைப்பாதைதான்!

அன்று இரவு நடந்தது என்ன?

1964 டிசம்பர் 22 நள்ளிரவில் புயல் கரையைத் தாக்கியது. பாம்பனில் இருந்து கிளம்பிய பயணிகள் ரயில், தனுஷ்கோடியை நெருங்கும்போது ராட்சத அலையில் சிக்கியது. ரயிலில் இருந்த 100-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். ஸ்டேஷன், துறைமுகம், தபால் நிலையம், வீடுகள் என ஊரே அழிந்தது.

பாலத்துக்கு ஒரு நியாயம், ஸ்டேஷனுக்கு ஒரு நியாயமா?

புயலில் பாம்பன் பாலமும் பலத்த சேதமடைந்தது. பொறியாளர் ஸ்ரீதரன் தலைமையிலான குழு 46 நாட்களில் அதைச் சரிசெய்தது. பாலம் இல்லை என்றால் ராமேஸ்வரத்துக்கே ரயில் கிடையாது. தனுஷ்கோடி நிலைமை வேறு. இரண்டு பக்கமும் கடல், நடுவில் மெல்லிய மணல் திட்டு. மக்கள் வாழத் தகுதியற்ற இடம் என அரசு அறிவித்தது. ஊரும் இல்லை, துறைமுகமும் இல்லை என்றான பிறகு ரயிலுக்கும் வேலை இல்லாமல் போனது. இலங்கைக் கப்பல் ராமேஸ்வரத்துக்கு மாறி, 1980-களில் அதுவும் நின்றது.

மீண்டும் ரயில் வருமா?

ராமேஸ்வரம் - தனுஷ்கோடி இடையே சுமார் 17 கி.மீ. புதிய பாதைக்கு 2019 மார்ச்சில் பிரதமர் மோடி அடிக்கல் நாட்டினார். ஆனால் சுற்றுச்சூழல், நிலம் தொடர்பான காரணங்களால் மாநில அரசு ஒப்புக்கொள்ளவில்லை. பணி நகரவில்லை.

ஜப்பானிலும் இதே கேள்வி எழுந்தது. 2011 சுனாமியில் சிதைந்த கெசென்னுமா ரயில் பாதையின் ஒரு பகுதியில் தண்டவாளம் திரும்பவே இல்லை. அதற்குப் பதில் தனிப்பாதையில் பஸ் ஓடுகிறது.

இங்கேயும் பஸ்தான். 2017-ல் அரிச்சல்முனை வரை சாலை திறக்கப்பட்டது. சுற்றுலாப் பயணிகள் வந்து போகிறார்கள். மீனவக் குடும்பங்கள் குடிசைகளில் தங்கியிருக்கின்றன. ரயில் வந்தால் கூட்டமும் வியாபாரமும் கூடும். ஆனால் 1964-ல் கடல் மூடிய அதே மணலில்தான் தண்டவாளம் போட வேண்டியிருக்கும்.