நடப்பதற்கும் சுதந்திரம் வேண்டும்



“தினமும் அரைமணி நேரம் நடங்க” என்கிறார் டாக்டர். பருத்திக் காட்டில் நாளெல்லாம் குனிந்து நிமிரும் நம் குமாரலிங்கபுரத்துப் பெண்ணிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். “இதுக்கு மேலயும் நடக்கணுமா?” என்று சிரிப்பார். அவர் கேட்பதில் நியாயம் இருக்கிறது.

உடல் அசைவு இதயத்தைக் காக்கும் என்பதற்கு முதல் பெரிய சான்று லண்டனிலிருந்து வந்தது. அங்கே மாடிப் பேருந்து ஊழியர்களை ஆராய்ந்த ஜெரி மாரிஸ் என்ற மருத்துவர், 1953இல் தன் முடிவை வெளியிட்டார். உட்கார்ந்தே ஓட்டும் டிரைவர்களைவிட, படியேறி இறங்கும் கண்டக்டர்களுக்கு இதய நோய் குறைவு. ஆனால் எல்லா அசைவும் ஒன்றல்ல. ஓய்வு நேரத்தில் விரும்பிச் செய்யும் பயிற்சி தரும் நன்மையை, ஓய்வில்லாத கடும் உழைப்பு தருவதில்லை என்று பின்னாளில் டென்மார்க் ஆய்வுகள் காட்டின.

அப்படியானால் கூலிக்குப் போகும் பெண்ணுக்குத் தேவை அறிவுரை அல்ல. ஓய்வும், தன் விருப்பப்படி வெளியே போய்வரும் சுதந்திரமும்தான். அந்தச் சுதந்திரம் எப்படி வந்தது என்பதற்கு நம்மைப் போன்ற இன்னொரு வானம் பார்த்த பூமியான புதுக்கோட்டையே சாட்சி.

1991இல் அங்கே அறிவொளி இயக்கம் தொடங்கியபோது, கலெக்டராக இருந்த ஷீலா ராணி சுங்கத் எழுத்தோடு சைக்கிளையும் சேர்த்தார். பெண் சைக்கிள் ஓட்டினால் கேலி பேசிய காலம் அது. கூலிப் பெண்களும், கல்குவாரித் தொழிலாளிகளும், கிராம செவிலியர்களும் ஆயிரக்கணக்கில் ஓட்டக் கற்றார்கள். லேடீஸ் சைக்கிள் போதாமல் ஆண்கள் சைக்கிளையே பலர் வாங்கினார்கள். முன்கம்பியில் பிள்ளையை உட்கார வைக்கலாம் என்று சிலர் அதையே விரும்பினார்கள். தண்ணீர்க் குடம் தலையிலிருந்து சைக்கிளுக்கு மாறியது. பஸ்ஸுக்கும் ஆண் துணைக்கும் காத்திருந்த நேரம் மிச்சமானது. பெண் தெருவில் சைக்கிளில் போவது சாதாரணக் காட்சியானது. அதுதான் பெரிய மாற்றம்.

இப்போது நம் தெருவைப் பாருங்கள். பத்து வயதில் ஓடிப்பிடித்து விளையாடிய பெண்பிள்ளை, சமைந்தபின் எங்கே ஓடுகிறாள்? மாலையில் நடக்கப் போகிறவர்களில் பெண்கள் எத்தனை பேர்? கூலி வேலைக்குப் போய்வந்தவர் எத்தனை பேர்? சர்க்கரையும் ரத்த அழுத்தமும் யாரையும் விட்டுவைப்பதில்லை; தடுத்துக்கொள்ளும் வாய்ப்பு மட்டும் எல்லோருக்கும் சமமாக இல்லை.

எரியாத தெருவிளக்கைச் சங்கத்தில் சொல்லுங்கள். வீட்டு வேலையில் அரைமணி நேரத்தை ஆண்கள் ஏற்றுக்கொள்ளுங்கள். மகள் சைக்கிளை எடுத்தால், “எங்கே போறே?” என்று கேட்குமுன் ஒரு நிமிடம் யோசியுங்கள்.