செவிலிமேடும் காஞ்சியின் தோப்பு உற்சவங்களும்

காஞ்சிபுரத்தின் தென்மேற்கு விளிம்பில், பாலாற்றின் வடகரையில் இருக்கிறது செவிலிமேடு. வந்தவாசி செல்லும் சாலை இவ்வூரைக் கடந்துதான் ஆற்றுப் பாலத்தில் ஏறுகிறது. நெடுங்காலம் தனிப் பேரூராட்சியாக இருந்த ஊர் 2011இல் காஞ்சிபுரம் நகராட்சியோடு சேர்ந்தது. 2021இல் அந்த நகராட்சி மாநகராட்சியானது. அதற்கு முந்தைய நூற்றாண்டுகளில் நெசவுத் தெருக்களின் இரைச்சலும் கோயில் வீதிகளின் நெரிசலும் முடிந்து, வயலும் தோப்பும் ஆற்றுமணலும் தொடங்கிய இடம் இதுதான். காஞ்சி மக்கள் ஓய்வுக்காக ஊரை விட்டு வெளியே போகும் வழக்கத்தின் வரலாறு பெருமளவு இந்தச் சாலையில் நடந்தது. அந்த வழக்கத்தை முன்னின்று நடத்தியவர் நாச்சியார்களுடன் தோப்புக்கும் கிணற்றுக்கும் ஆற்றுக்கும் புறப்படும் வரதராஜப் பெருமாள்.

நீர்த்துறையையும் நிழலையும் நாடிப் போவது தமிழகத்தில் மிகப் பழைய பழக்கம். வைகையில் புதுவெள்ளம் வரும்போது காதலரும் தம்பதியரும் திரண்டு நீராடியதைப் பரிபாடல் விரிவாகப் பேசுகிறது. இந்திர விழா முடிந்ததும் கோவலனும் மாதவியும் புகார்க் கடற்கரைக்குப் போய்த் தங்கியதில்தான் சிலப்பதிகாரக் கதையே திரும்புகிறது. காஞ்சிக்கும் இத்தகைய சான்று உண்டு. தொண்டைமான் இளந்திரையனைக் கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பெரும்பாணாற்றுப்படை, பாம்பணையில் பள்ளிகொண்ட திருமாலின் திருவெஃகாவைச் சொல்லும்போது, அங்குள்ள அடர்ந்த சோலையையும் நீர்த்துறையையும் சேர்த்தே சொல்கிறது. கோயில், சோலை, நீர் மூன்றும் ஒரே பயணத்தில் அடங்கும் என்ற எண்ணம் அப்போதே இங்கு வேர்விட்டிருந்தது.

செவிலிமேட்டை இந்த மரபின் நடுவில் நிறுத்தியது இராமானுசரின் வரலாறு. வைணவ மரபு அவர் காலத்தை 1017 முதல் 1137 வரை எனக் கொள்கிறது. திருப்புட்குழியில் யாதவப்பிரகாசரிடம் பாடம் கேட்டுவந்த இளைய இராமானுசர், ஆசிரியரோடும் மற்ற மாணவர்களோடும் காசி யாத்திரை புறப்பட்டார். வழியில் தம் உயிருக்கு ஆபத்து இருப்பதைத் தம்பி முறையான கோவிந்தர் மூலம் அறிந்து, விந்தியக் காட்டில் குழுவை விட்டுத் தனியே விலகினார். திக்குத் தெரியாமல் நின்றவருக்கு ஒரு வேடனும் அவன் மனைவியும் துணையாக வந்தார்கள். இரவில் ஓரிடத்தில் தங்கியபோது வேடன் மனைவி தாகம் என்றாள்; பொழுது விடிந்ததும் பக்கத்துக் கிணற்றில் நீர் எடுத்துத் தரலாம் என்றான் வேடன். விடிந்ததும் இராமானுசர் கிணற்றில் இறங்கிக் கைகளில் நீர் அள்ளிவந்து கொடுத்தார். மூன்று முறை கொடுத்துவிட்டு மீண்டும் நீர் கொண்டுவந்தபோது இருவரையும் காணவில்லை. எதிரே தெரிந்தது காஞ்சி வரதரின் புண்ணியகோடி விமானம். வந்தவர்கள் வரதரும் பெருந்தேவித் தாயாருமே என்பது குருபரம்பரை நூல்கள் சொல்லும் செய்தி. அந்தக் கிணறுதான் செவிலிமேட்டின் சாலைக் கிணறு. பிறகு வரதரின் பக்தரான திருக்கச்சி நம்பியின் சொற்படி இராமானுசர் நாள்தோறும் இங்கிருந்து நீர் சுமந்துபோய் வரதருக்குத் தீர்த்த கைங்கரியம் செய்தார்.

வைகுண்ட ஏகாதசி உற்சவங்கள் முடிந்த பிறகு வரதர் இந்த இடத்துக்கு எழுந்தருளுவது அனுஷ்டானக் குள உற்சவம். கிணற்றருகே உள்ள இராமானுசர் சந்நிதியில் திருமஞ்சனமும் தளிகையும் நடக்கின்றன. அடியவர் ஒருவர் தினமும் தமக்காக நடந்த வழியில் பெருமாளே ஒரு நாள் நடந்துவருகிறார் என்பது இந்த உற்சவத்துக்கு வைணவர்கள் கொள்ளும் பொருள்.

வேடுவத் தம்பதியாக வந்தவர்கள் வரதரும் பெருந்தேவியும் என்றாலும், உற்சவங்களில் பெருந்தேவித் தாயார் கோயிலை விட்டு வெளியே வருவதில்லை. அவர் படிதாண்டாப் பத்தினி. தாயாரின் புறப்பாடு மதிலுக்குள்ளேயே நடக்கும். தோப்புக்கும் ஆற்றுக்கும் வரதரோடு வருபவர்கள் ஸ்ரீதேவி, பூதேவி ஆகிய உபய நாச்சியார்கள். நிலத்தின் தேவி உடன்வர, வயல்கள் நடுவே இறைவன் உலா வருகிறான். இந்த ஏற்பாட்டில் கோயிலின் தினசரி ஒழுங்கும் ஊருக்கு வெளியே கழியும் பொழுதின் தளர்வும் ஒன்றையொன்று கெடுக்காமல் நிற்கின்றன. தோப்பு மண்டபத்தில் பெருமாள் இறங்கியதும் கனத்த ஆபரணங்கள் களையப்படும். சந்தனமும் ஈர வஸ்திரமும் மெல்லிய மாலையும் சாத்தப்படும். வெயில் தாழும்வரை அங்கேயே இருப்பு. பிறகு புது அலங்காரத்தோடு திரும்புகால்.

இத்தகைய வெளிப் புறப்பாடுகள் பெருகியது விஜயநகரக் காலத்தில். கிருஷ்ணதேவராயர் 1514இல் புண்ணியகோடி விமானத்துக்குப் பொன் வேய்ந்தார். அச்சுததேவராயர் 1532இல் அரசி வரதாதேவியோடும் இளவரசன் வேங்கடாத்ரியோடும் காஞ்சிக்கு வந்து, வரதர் சந்நிதியில் எடைக்கு எடை முத்துத் துலாபாரம் கொடுத்தார். அரசரின் வருகை கோயிலுக்குப் புதுக் கட்டளைகளைத் தந்தது. செல்வந்தரும் அதிகாரிகளும் வணிகரும் அவரவர் பங்குக்கு மண்டபங்கள் கட்டினார்கள், தோப்புகள் வைத்தார்கள், பெருமாள் அங்கு வரும் நாளுக்கான தளிகைச் செலவுக்கு நிலம் எழுதிவைத்தார்கள். ஒரு மண்டபமும் நான்கு மரமும் ஒரு கிணறும் அமைந்துவிட்டால் ஆண்டுக்கு ஒரு நாள் இறைவன் அங்கே விருந்தாளி. மற்ற நாள்களில் அது வழிப்போக்கர் களைப்பாறும் இடம். வெயில் காலத்தில் நடந்துபோவோர்க்குத் தண்ணீரும் நிழலும் இப்படித்தான் கிடைத்தன.

இந்த வரிசையில் பெரியது பாலாற்றுக்கு அப்பால் இருக்கும் ஐயங்கார்குளம். இரண்டாம் வேங்கடரின் (1586–1614) ராஜகுருவாக இருந்த இலட்சுமிகுமார தாத்தாச்சாரியார் அங்கு ஏரிபோல் பரந்த குளத்தை வெட்டி, கரையில் சஞ்சீவிராயர் என்னும் அனுமன் கோயிலைக் கட்டினார். அதன் அருகில்தான் நடவாவி இருக்கிறது. கஜலட்சுமி பொறித்த நுழைவாயிலைக் கடந்தால் படிகள் பூமிக்குள் இறங்குகின்றன. கீழே தூண் மண்டபம்; மண்டபத்தின் நடுவே கிணறு. ஆண்டின் பெரும்பகுதியும் மண்டபம் நீரில் மூழ்கியே இருக்கும். சித்ரா பௌர்ணமிக்கு முன்பு நீரை இறைத்து மண்டபத்தை வெளிக்கொண்டு வருவார்கள். கோடையின் உச்சத்திலும் அதன் கற்கள் குளிர்ந்திருக்கும். அன்று வரதர் செவிலிமேடு, தூசி ஆகிய ஊர்கள் வழியாக ஐயங்கார்குளம் போய், சஞ்சீவிராயர் கோயிலில் தங்கி, நடவாவிக்குள் இறங்கி மண்டபத்தை வலம் வருகிறார். வழிநெடுக ஒவ்வொரு ஊரிலும் மண்டகப்படி. பந்தலுக்குப் பந்தல் நீர்மோரும் பானகமும் விசிறியும் காத்திருக்கும்.

திரும்பும் வழியில் செவிலிமேட்டருகே பாலாற்று மணலில் நடப்பது ஊறல் உற்சவம். பாலாறு மணலாறு, மேலே வறண்டு தெரிந்தாலும் அடியில் நீர் ஓடிக்கொண்டிருக்கும். ஆற்றின் நடுவே மணலைப் பள்ளமாக அகழ்ந்து, மேலே பந்தல் போடுவார்கள். சற்று நேரத்தில் பள்ளத்தின் பக்கங்கள் ஈரமாகி, அடியில் தெளிந்த நீர் ஊறத் தொடங்கும். அந்தக் குளிர்ச்சியில் பெருமாளை எழுந்தருளப்பண்ணித் திருமஞ்சனம் செய்வார்கள். முழுநிலவின் வெளிச்சத்தில் வெண்மணல் பரப்பு முழுதும் குடும்பங்கள் உட்கார்ந்திருக்கும். கொண்டுவந்த சோற்றைப் பிசைந்து உருட்டிக் கொடுப்பதும், பிள்ளைகள் மணலில் தாங்களே ஊற்றுத் தோண்டுவதும் அந்த இரவின் காட்சிகள். காஞ்சியில் சித்திரகுப்தருக்குத் தனிக்கோயில் இருப்பதால் அதே நாளில் அங்கு வழிபட்டுவிட்டு ஆற்றுக்கு வருவோரும் உண்டு.

பொங்கலை ஒட்டி வரதர் கிழக்கே பழைய சீவரத்துக்குப் பார்வேட்டை போகிறார். மலைமேல் ஏறி இறங்கி, அங்குள்ள இலட்சுமி நரசிம்மரோடு சேர்ந்து, பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் திருமுக்கூடலுக்கு எழுந்தருளுகிறார். சுற்று ஊர்ப் பெருமாள்களும் அங்கு வந்து கூடுகிறார்கள். திருமுக்கூடல் கோயிலில் வீரராசேந்திர சோழனின் கல்வெட்டு ஒன்று, 11ஆம் நூற்றாண்டில் அங்கே கல்லூரியும் மாணவர் விடுதியும் 15 படுக்கைகள் கொண்ட மருத்துவமனையும் இயங்கியதைப் பதிவு செய்கிறது. ஆற்றங்கரை இந்த நிலத்தில் உடல் தேறும் இடமாகவும் இருந்திருக்கிறது.

இந்த உற்சவங்கள் தடையின்றித் தொடர்ந்தன என்று சொல்ல முடியாது. 1688இல் முகலாயப் படையெடுப்புக்கு அஞ்சி வரதரின் உற்சவ மூர்த்தி உடையார்பாளையத்துக்கு இரகசியமாகக் கொண்டு செல்லப்பட்டார். 1710இல்தான் வைணவத் துறவி ஆத்தான் ஜீயரின் முயற்சியாலும் படைத்தலைவர் லாலா தோடர்மாலின் துணையாலும் காஞ்சி திரும்பினார். மூர்த்தி இல்லாத 22 ஆண்டுகளில் தோப்புக்குப் போக உற்சவர் இல்லை. ஆங்கிலேயர் ஆட்சியில் உற்சவங்கள் மீண்டும் நிலைபெற்றன. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் இப்பகுதியின் கலெக்டராக இருந்த லயனல் பிளேஸ் வரதருக்கு ஆபரணம் காணிக்கை தந்தவர்.

காஞ்சியின் நெசவுத் தம்பதியருக்கு இந்தப் புறப்பாடுகளின் பயன் தனியானது. பட்டுத்தறி வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. கணவன் குழியில் காலை வைத்துத் தறியில் உட்கார்ந்தால், மனைவி பக்கத்தில் தார் சுற்றுவாள். உடல் ஒரு நிறமும் கரை வேறு நிறமுமான கோர்வைப் புடவைக்கு மூன்று நாடா வேண்டும். மறுபுறம் இருந்து நாடா வாங்கிப்போட இன்னொருவர் வேண்டும். பல வீடுகளில் அந்த இன்னொருவர் மனைவியே. இருவரும் காலை முதல் இரவு வரை ஒரே கூரைக்கடியில் ஒரே வேலையில் இருப்பவர்கள். அமாவாசையில் தறியில் உட்காராத வழக்கமும், பெருமாள் வெளியே போகும் நாளும் அவர்களுக்கு வீட்டை விட்டுச் சேர்ந்து கிளம்பக் கிடைத்த காரணங்கள். நெசவாளர் பகுதியான பிள்ளையார்பாளையத்திலிருந்து செவிலிமேட்டு ஆற்றுக்கு நடந்தே போய்விடலாம்.

கையில் எடுத்துப்போகும் உணவும் பயணத்துக்கு ஏற்றது. புளியோதரை எளிதில் கெடாது. வரதருக்கு நைவேத்தியமாகும் காஞ்சிபுரம் இட்லி அதைவிட நாள் தாங்கும். பச்சரிசியும் உளுந்தும் கரகரப்பாக அரைத்துப் புளிக்கவைத்த மாவில் மிளகு, சீரகம், சுக்கு, பெருங்காயம், நெய் சேர்த்து, மந்தாரை இலை சுற்றிய நீண்ட மூங்கில் குடலையில் ஊற்றி, மணிக்கணக்கில் ஆவியில் வேகவைப்பார்கள். வெந்ததை வட்டமாக அரிந்தால் தொட்டுக்கொள்ள எதுவும் தேவைப்படாது. சுக்கும் மிளகும் வெயிலில் நடந்தவரின் வயிறு கெடாமல் காக்கும்.

தம்பதியர் தனிக் குடிலெடுத்துச் சில நாள் தங்கும் இன்றைய விடுமுறை வேறு வழியில் வந்தது. ஜான் சல்லிவன் 1820களில் உதகையில் கல்வீடு எழுப்பினார். 1845இல் அமெரிக்க மிஷனரிகள் கொடைக்கானலில் குடியிருப்புகளைத் தொடங்கினார்கள். 1870 முதல் சென்னை அரசாங்கமே கோடையில் உதகைக்கு மாறியது. தோட்டத்தோடு கூடிய சிறு காட்டேஜ், அதில் சில வாரம் தங்கல் என்ற பழக்கம் அங்கிருந்து பரவி, 20ஆம் நூற்றாண்டில் தமிழ்க் குடும்பங்களின் தேனிலவுக்கு ஊட்டியும் கொடைக்கானலும் இலக்கணமாகிவிட்டன. அங்கே ஓய்வு என்பது கூட்டத்திலிருந்து விலகுவது. பணம் உள்ளவர்க்கே எட்டுவது. செவிலிமேட்டுச் சாலையில் ஓய்வு என்பது ஊரோடு சேர்ந்து வெளியே போவது. வாடகை இல்லை, முன்பதிவு இல்லை. தங்குமிடம் மரத்தடியும் மண்டபமும் மணலும். கணவனும் மனைவியும் நிலவொளியில் சற்றுத் தள்ளி உட்கார்ந்து பேச அந்தக் கூட்டத்திலேயே இடம் இருந்தது.

இந்த வழக்கம் நிற்க மூன்று பொருள்கள் வேண்டும்: நிழல் தரும் தோப்பு, தூர்ந்துபோகாத கிணறு, நீர் ஊறும் ஆற்றுமணல். நகரம் பரவியதில் செவிலிமேட்டுத் தோப்புகள் பல மனைகளாயின. பாலாறு நந்தி மலையில் பிறந்து வாயலூர் அருகே கடல்சேரும்வரை 348 கிலோமீட்டர் ஓடுகிறது. அதில் 222 கிலோமீட்டர் தமிழ்நாட்டில். மேலே வேலூர்ப் பகுதித் தோல் தொழிற்சாலைகளின் கழிவு குறித்து உச்ச நீதிமன்றம் 1996இல் தீர்ப்பளித்தது. கீழே மணல் அள்ளியதில் ஆற்றுப்படுகை தாழ்ந்தது. 2021 நவம்பரில் ஆறு கரைபுரண்டு ஓடியபோது, அந்த வெள்ளத்தைத் தேக்கிவைக்கும் மணல் எவ்வளவு குறைந்திருக்கிறது என்பதும் சேர்ந்தே தெரிந்தது.

பெருமாளின் புறப்பாட்டைக் கோயில் நிர்வாகமும் ஸ்ரீபாதம் தாங்கிகளும் மண்டகப்படிக்காரர்களும் இன்றும் விடாமல் நடத்துகிறார்கள். ஆனால் அவர்களால் மணலை உண்டாக்க முடியாது. சாலைக் கிணற்றைத் தூர்வாரிக் காப்பதும், மண்டபங்களைச் சுற்றி மரம் வைப்பதும், செவிலிமேட்டுப் பாலாற்றில் எஞ்சிய மணலை அள்ளவிடாமல் தடுப்பதும் மாநகராட்சியும் நீர்வளத் துறையும் ஊராரும் சேர்ந்து செய்ய வேண்டியவை. பள்ளம் தோண்டியும் நீர் ஊறாத ஆற்றில் ஊறல் உற்சவம் பெயரளவில்தான் நடக்கும். அந்த நிலை வராமல் காப்பது இந்தத் தலைமுறையின் கடமை.