டிமென்ஷியா வகைகளைப் பிரித்தறியும் மூளைப் படிமவியல்

டிமென்ஷியா என்பது ஒரு தனி நோயின் பெயரன்று. நினைவு, மொழி, முடிவெடுக்கும் திறன், நடத்தை ஆகியவை அன்றாட வாழ்வைத் தானே நடத்திக்கொள்ள இயலாத அளவுக்குத் தேய்ந்துபோகும் நிலைக்கு வழங்கும் பொதுப்பெயர். அல்சைமர் நோய், மூளை இரத்தக்குழாய்க் கோளாறு, லூயி உறை டிமென்ஷியா, நுதல்–பொட்டு மடல் டிமென்ஷியா ஆகியவை அந்நிலைக்குக் கொண்டுசெல்லும் முதன்மைக் காரணங்கள். தொடக்கத்தில் இவை ஒன்றையொன்று ஒத்திருப்பதால், அறிகுறிகளை மட்டும் கொண்டு வகையை உறுதிப்படுத்துவது அனுபவம் மிக்க மருத்துவருக்கும் எளிதன்று. வகை அறிவது வெறும் பெயர் சூட்டலும் அன்று. லூயி உறை டிமென்ஷியா உள்ளவருக்கு இல்லாத உருவங்கள் கண்ணுக்குத் தெரிகின்றன என்பதற்காக ஹாலோபெரிடால் போன்ற மனநோய் மருந்தைக் கொடுத்தால், உடல் விறைத்து, உயிருக்கே கேடு நேரக்கூடும்.

இவ்வகைகள் யாவும் முதலில் பிணக்கூறாய்வின் வழியாகவே அறியப்பட்டன. பிராக் நகரில் ஆர்னால்ட் பிக், மொழித்திறனை இழந்த நோயாளி ஒருவரின் பொட்டு மடல் சுருங்கியிருந்ததை 1892-இல் விவரித்தார். அலாய்ஸ் அல்சைமர் 1906-இல் டூபிங்கன் நகரில் நிகழ்த்திய உரையில், ஐம்பத்தைந்து வயதில் இறந்த பெண்ணின் மூளையில் நரம்பணுக்களுக்கு வெளியே படிவுகளும் உள்ளே நாரிழைச் சிக்கல்களும் இருந்ததை எடுத்துரைத்தார். பிரெடெரிக் லூயி 1912-இல் பார்க்கின்சன் நோயாளிகளின் நரம்பணுக்களில் கண்ட, லூயி உறைகள் எனப்படும் உருண்டைகள், மூளைப் புறணி முழுவதும் பரவி டிமென்ஷியாவுக்குக் காரணமாகலாம் என்பதை ஜப்பானின் கென்ஜி கொசாக்கா 1976 முதல் நிறுவத் தொடங்கினார். உயிருள்ளவரின் மூளையில் இவற்றுள் எதையும் காண வழியில்லாத நிலை நெடுங்காலம் நீடித்தது.

அவ்வழியைத் தேடிய முதல் முயற்சி கொடுமையானது. அமெரிக்க அறுவை மருத்துவர் வால்டர் டாண்டி 1918, 1919 ஆண்டுகளில் வகுத்த முறையில், மூளையறைகளில் நேரடியாகவோ முதுகுத்தண்டின் வழியாகவோ காற்றைச் செலுத்தி எக்ஸ்-கதிர்ப் படம் எடுத்தனர். மூளையறைகள் விரிந்திருப்பது அதில் தெரிந்தது. விரிவைக் கொண்டு மூளை சுருங்கியிருப்பதை ஊகித்தனர். கடும் தலைவலியும் வாந்தியும் தந்த இச்சோதனையை, மனம் தடுமாறிய முதியவர்கள் மீது நடத்துவதற்கு ஈடான பயன் அதில் கிடைத்தது என்று சொல்வதற்கில்லை.

இலண்டனின் விம்பிள்டன் பகுதியில் இருந்த அட்கின்சன் மார்லி மருத்துவமனையில் 1971 அக்டோபர் 1 அன்று காட்ஃப்ரி ஹவுன்ஸ்ஃபீல்டின் கருவி முதல் நோயாளியின் மூளையைக் குறுக்குவெட்டாகக் காட்டியதும் நிலைமை மாறியது. பல கோணங்களில் எடுத்த எக்ஸ்-கதிர் அளவுகளைக் கணினியால் ஒன்றுசேர்த்து உருவமாக்கும் இம்முறையே சி.டி. ஸ்கேன். சென்னைப் பல்கலைக்கழகத்தின் இயற்பியல் துறையை வளர்த்தெடுத்துப் பின்னர் பெங்களூரு சென்ற ஜி. என். இராமச்சந்திரனும் ஏ. வி. இலட்சுமிநாராயணனும் அதே 1971-இல் வெளியிட்ட கணித முறை, பின்வந்த கருவிகளில் இவ்வாறு உருவத்தைக் கட்டியெழுப்பும் வழிகளுள் முதன்மையானதாயிற்று. அதற்கு உரிய வடிகட்டி இன்றும் இருவர் பெயரையும் சுருக்கி ‘ராம்-லாக்’ என்றே வழங்கப்படுகிறது.

எனினும் சி.டி. ஸ்கேன் டிமென்ஷியாவின் வகையைச் சொல்லவில்லை. டிமென்ஷியா போல் தோன்றும் பிறவற்றை விலக்கிக் காட்டியது. மூளைக்கட்டி, மண்டையோட்டுக்கு அடியில் தேங்கிய இரத்தம், ஹக்கீமும் ஆடம்ஸும் 1965-இல் விவரித்த, அழுத்தம் இயல்பாக இருந்தும் மூளையறைகளில் நீர் கோத்துக்கொள்ளும் நோய் ஆகியவை அறுவையால் சீராகக்கூடியவை என்பதால், இவ்விலக்கலின் மதிப்பைக் குறைத்து எண்ணக்கூடாது. முதுமையில் வரும் மறதிக்கெல்லாம் இரத்தக்குழாய் தடித்தலே காரணம் என்ற பழைய எண்ணமும் இக்காலத்தில் தளர்ந்தது. விளாடிமிர் ஹாச்சின்ஸ்கி 1974-இல், குழாய் தடித்தலால் அன்று, திசுக்கள் பல இடங்களில் மடிவதாலேயே இரத்தக்குழாய் சார்ந்த டிமென்ஷியா நேர்கிறது என்று வாதிட்டார். 1984-இல் அமெரிக்காவில் வகுக்கப்பட்ட அல்சைமர் நோய் வரையறையில்கூட, உயிருடன் இருப்பவரிடம் அந்நோயை ‘இருக்கக்கூடும்’ என்று மட்டுமே கூற முடிந்தது. உறுதிப்பாட்டுக்குத் திசுவாய்வு தேவைப்பட்டது.

பால் லாட்டர்பர் 1973-இல் விளக்கிய காந்த ஒத்ததிர்வு முறை, அதாவது எம்.ஆர்.ஐ., மருத்துவமனைகளுக்கு வந்ததும் ‘எவ்வளவு சுருங்கியது’ என்ற கேள்வி ‘எங்கே சுருங்கியது’ என்பதாக மாறியது. இத்துறை வரலாற்றில் கருவிகளைவிடப் பெரிய திருப்பம் இதுவே எனலாம். புதிய நினைவுகளைப் பதிவுசெய்யும் ஹிப்போகேம்பஸ் பகுதியின் தேய்வை 0 முதல் 4 வரை மதிப்பிடும் அளவுகோலை நெதர்லாந்தின் பிலிப் ஷெல்டென்ஸ் 1992-இல் தந்தார். சிறு குழாய்க் கேட்டால் வெண்பொருளில் தோன்றும் வெண்திட்டுகளை அளக்க 1987-இல் ஃபசெக்காஸ் வகுத்த அளவுகோலும் அதனுடன் இன்றுவரை பயன்பாட்டில் உள்ளது. அல்சைமர் நோயில் ஹிப்போகேம்பஸ் முதலில் தேய்கிறது. லூயி உறை டிமென்ஷியாவில் அது பெரும்பாலும் ஓரளவு காக்கப்படுகிறது. சொற்களின் பொருள் மறந்துபோகும் நுதல்–பொட்டு வகையில், பொதுவாக இடப் பொட்டு மடலின் முன்முனை வலப்பக்கத்தைவிட மிகுதியாக ஒடுங்குகிறது. சில மாதங்களில் உயிரைக் குடிக்கும் குரோய்ட்ஸ்ஃபெல்ட்–யாக்கோப் நோயில், நீர் மூலக்கூறுகளின் நகர்வை அளக்கும் எம்.ஆர்.ஐ. படத்தில் மூளைப் புறணி ஓரம் வெண்ணிற நாடாவாக ஒளிர்வது ஏறக்குறையத் தனி அடையாளமாகவே கொள்ளப்படுகிறது. ஆனால் முதுமையிலும் ஹிப்போகேம்பஸ் சுருங்கும் என்பதால், இந்த அளவுகோல்களை வயதோடு சேர்த்தே படிக்க வேண்டும்.

மூளைத் திசு சுருங்குவதற்கு முன்பே அதன் செயல் குறைகிறது. நரம்பணுக்கள் குளுக்கோஸை எரித்து வாழ்வதால், கதிரியக்க ஃப்ளோரின் இணைத்த குளுக்கோஸ் போன்ற பொருளைச் செலுத்தி, அது எங்கே எவ்வளவு சேர்கிறது என்று பார்க்கும் முறை 1976-இல் பிலடெல்பியாவில் முதன்முறையாக மனிதரிடம் மேற்கொள்ளப்பட்டது. பெட் ஸ்கேன் எனப்படும் இதில், 1980-களின் தொடக்கத்திலேயே அல்சைமர் நோயாளிகளின் பொட்டு, உச்சி மடல்கள் மங்கித் தெரிந்தன. பின்னர் சடோஷி மினோஷிமாவின் ஆய்வுகள், மூளையின் நடுப்பிளவில் பின்புறமாக அமைந்த பின் சிங்குலேட் பகுதியே மிகத் தொடக்கத்தில் மங்குவதைக் காட்டின. லூயி உறை டிமென்ஷியாவில் பார்வைக்குரிய பிடரி மடல் மங்கியும் பின் சிங்குலேட் சூழலினின்று பிரிந்து ஒரு தீவாக ஒளிர்ந்தும் இருக்கும். நுதல்–பொட்டு வகையில் மூளையின் முன்பாதியே ஒளி குன்றும். அமெரிக்க அரசின் முதியோர் காப்பீடான மெடிகேர், 2004-இல் அல்சைமர் நோயையும் நுதல்–பொட்டு வகையையும் பிரித்தறிய இச்சோதனைக்குக் கட்டணம் வழங்க ஒப்புக்கொண்டது.

லூயி உறை வகையைக் கண்டறிய வேறொரு வழியும் திறந்தது. இந்நோயில் டோபமீன் என்னும் நரம்புச் செய்திப்பொருளைச் சுமக்கும் நரம்பிழைகள் அழிகின்றன. அல்சைமர் நோயில் அவை பெரிதும் தப்பித்துக்கொள்கின்றன. அவ்விழைகளில் ஒட்டும் அயோடின்-123 சேர்ந்த மருந்தைச் செலுத்தி எடுக்கும் ஸ்பெக்ட் படத்தில், மூளையின் ஆழத்தே காற்புள்ளி வடிவில் தெரிய வேண்டிய ஒளி வெறும் புள்ளியாகக் குறுகிவிடும். இயன் மெக்கீத் குழுவினர் 2007-இல் வெளியிட்ட பல மைய ஆய்வில், இச்சோதனை லூயி உறை டிமென்ஷியா உள்ளோரை 77.7 விழுக்காடும், இல்லாதோரை 90.4 விழுக்காடும் சரியாக இனங்கண்டது.

அல்சைமர் நோயில் மூளையில் படியும் புரதத்தையே நேரில் காண வேண்டும் என்ற நெடுநாள் வேட்கை பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் நிறைவேறியது. கூறாய்வு அறிஞர்கள் திசுத் தகடுகளில் அமிலாய்டு படிவுகளுக்குச் சாயமேற்றப் பயன்படுத்திய தையோஃப்ளேவின்-டி என்ற பொருளின் அமைப்பை மாற்றி, இரத்தத்திலிருந்து மூளைக்குள் நுழையவும் படிவில் ஒட்டவும் வல்லதாக வில்லியம் க்ளங்கும் செஸ்டர் மாத்திஸும் ஆக்கினர். ‘பிட்ஸ்பர்க் சேர்மம் பி’ எனப்பட்ட அதை 2002-இல் சுவீடனின் உப்சாலா நகரில் முதல் நோயாளிக்குச் செலுத்தினர். 2004-இல் வெளியான அறிக்கையில் 16 நோயாளிகளும் 9 ஒப்பீட்டு நபர்களும் இடம்பெற்றனர். அதிலுள்ள கார்பன்-11 இருபது நிமிடத்தில் பாதியாகச் சிதைவதால், அதை ஆக்கும் கருவியான சைக்ளோட்ரான் உள்ள இடத்தில் மட்டுமே பயன்பட்டது. ஏறக்குறைய 110 நிமிட அரை ஆயுள் கொண்ட ஃப்ளோரின்-18 அக்குறையைப் போக்கியது. அதைக் கொண்ட ஃப்ளோர்பீட்டாபிர் 2012-இலும், டௌ புரதச் சிக்கல்களைக் காட்டும் ஃப்ளோர்டௌசிபிர் 2020-இலும் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றன.

அமிலாய்டு படத்தின் உண்மையான வலிமை ‘இல்லை’ என்று சொல்வதில் உள்ளது. பாபினியூசுமாப் என்ற மருந்தின் ஆய்வில், அல்சைமர் நோயாளிகள் எனச் சேர்க்கப்பட்டோருள் அந்நோய்க்கு வாய்ப்பைக் கூட்டும் மரபணு வடிவம் இல்லாத குழுவினரிடையே, படம் எடுக்கப்பட்டவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினரின் மூளையில் அமிலாய்டே காணப்படவில்லை. ‘இருக்கிறது’ என்ற விடை அவ்வளவு தெளிவானதன்று. அறிவாற்றல் குன்றாத முதியோர் பலரிடமும், லூயி உறை நோயாளிகளுள் கணிசமானோரிடமும் அமிலாய்டு உண்டு. முதிர்ந்த வயதில் ஒரே மூளையில் இரண்டு மூன்று நோய்கள் கலந்திருப்பது விதிவிலக்கன்று என்பதையும் கூறாய்வுகள் காட்டியுள்ளன. இவ்வளவு இருந்தும், 11,409 பேரின் தரவைக் கொண்டு 2019-இல் வெளியான அமெரிக்காவின் ஐடியாஸ் ஆய்வில், அமிலாய்டு படத்துக்குப் பின் பத்தில் ஆறு நோயாளிகளின் சிகிச்சைத் திட்டம் மாறியிருந்தது.

அமிலாய்டை அகற்றும் லெக்கனெமாப் மருந்து 2023-இல் அமெரிக்காவில் முழு ஒப்புதல் பெற்றபின், படிமவியலுக்கு இரட்டைப் பணி சேர்ந்தது: மருந்துக்கு உரியவரைத் தேர்வது ஒன்று, மருந்தால் விளையும் மூளை வீக்கத்தையும் நுண்கசிவுகளையும் எம்.ஆர்.ஐ. வழியே கண்காணிப்பது மற்றொன்று. முதற்பணியில் ஒரு பங்கை இரத்தச் சோதனை எடுத்துக்கொள்ளத் தொடங்கிவிட்டது. அத்தகைய சோதனையொன்றுக்கு 2025 மே மாதத்தில் அமெரிக்க மருந்து நிர்வாகம் அனுமதி அளித்தது. லூயி உறைகளை ஆக்கும் ஆல்ஃபா-சினுக்ளின், நுதல்–பொட்டு வகையில் பலருக்குக் காரணமான டி.டி.பி.-43 ஆகிய இரு புரதங்களையும் உயிருள்ள மூளையில் காட்டும் ஒப்புதல் பெற்ற கதிரியக்கப் பொருள் எதுவும் அதுவரை நடைமுறைக்கு வராததால், அவ்விரு வகைகளையும் பிரித்தறிய எம்.ஆர்.ஐ., குளுக்கோஸ் பெட், டோபமீன் ஸ்பெக்ட் ஆகிய பழைய படங்களே பயன்படுத்தப்படுகின்றன.