ஃபியூஸ்

ஃபியூஸ் என்பது யுனிக்சு வகை இயங்குதளங்களில் சாதாரணப் பயனர் ஒருவர், நிர்வாகி உரிமை இன்றியே, கோப்பு முறைமைகளை ஏற்றிப் பயன்படுத்த வழிசெய்யும் மென்பொருள் இடைமுகம் ஆகும். பயனர்வெளிக் கோப்பு முறைமை எனப் பொருள்படும் ஆங்கிலத் தொடரின் சுருக்கமே இப்பெயர். மிக்லோஸ் செரெடி என்பவர் உருவாக்கிய இது, 2005 ஆம் ஆண்டில் லினக்சு கருனியின் 2.6.14 பதிப்பில் சேர்க்கப்பட்டது.

பின்னணி

வட்டு ஒன்றை அடைவு மரத்தின் ஓரிடத்தில் இணைப்பது ஏற்றுதல் (மவுண்ட்) எனப்படும். மரபுப்படி இது ரூட் பயனருக்கு மட்டுமே உரியது. இக்கட்டுப்பாடு காரணமின்றி எழுந்ததன்று. ஒருவர் தமது சொந்தக் கணினியில் உருவாக்கிய வட்டுப் படிமத்தில், ரூட்டுக்கு உரிமையானதும் செட்யுஐடி குறி இடப்பட்டதுமான நிரல் ஒன்றை வைத்து, அதனைப் பொதுக் கணினியில் ஏற்ற முடியுமானால், அந்நிரலை இயக்கிய மாத்திரத்தில் முழு அதிகாரமும் அவர் கைக்கு வந்துவிடும். கடவுச்சொற் கோப்பு உள்ள அடைவின் மீதே வேறொன்றை ஏற்றி மறைப்பதும் இயலும்.

எஃப்எஸ்டேப் கோப்பில் நிர்வாகி முன்கூட்டியே அனுமதி எழுதிவைப்பது பழைய தீர்வு. முன்பின் அறியாத சுருக்கக் கோப்பு ஒன்றைத் திறக்க அது உதவாது.

செயற்பாடு

கோப்பைத் திற, படி, எழுது போன்ற வேண்டுகோள்களைக் கருனி, பயனரின் சாதாரண நிரல் ஒன்றிடம் அனுப்பி விடையைப் பெறுகிறது. ஏற்றும் பணியை ஃபியூசர்மவுண்ட் என்னும் சிறு நிரல் ரூட் உரிமையுடன் செய்கிறது. ஏற்றுமிடத்தில் எழுதும் உரிமை பயனருக்கு உண்டா எனச் சோதிக்கும் அது, செட்யுஐடி குறிகளும் சாதனக் கோப்புகளும் செயற்படாதவாறு தடுத்துவிடுகிறது.

ஏற்றியவரைத் தவிர வேறெவரும், ரூட் கூட, இயல்பாக உள்ளே நுழைய முடியாது. தீய நோக்குடைய நிரல் விடையளிக்காமல் பிறரின் செயல்களை முடக்கிவைக்கலாம் என்பதே இதற்குக் காரணம். ரூட்டாக இயங்கும் காப்புப்படி நிரல்கள் இத்தகைய இடங்களில் "அனுமதி இல்லை" எனப் பிழை காட்டுவது புதிய நிர்வாகிகளைக் குழப்புவதுண்டு. ஃபியூஸ் அமைப்புக் கோப்பில் இத்தடையை நிர்வாகி தளர்த்தலாம்.

பயன்பாடுகள்

தொலைக் கணினியின் அடைவை ஏற்றும் எஸ்எஸ்எச்எஃப்எஸ், விண்டோசு வட்டுகளுக்கான என்டிஎஃப்எஸ்-3ஜி, டார் முதலிய சுருக்கக் கோப்புகளை அடைவுபோல் காட்டும் ஆர்க்கைவ்மவுண்ட் ஆகியன குறிப்பிடத்தக்கவை. ஒவ்வொரு வேண்டுகோளும் கருனிக்கும் நிரலுக்கும் இடையே சென்றுவருவதால் வேகம் சற்றுக் குறையும்.

பிற இயங்குதளங்கள்

மாக் கணினிகளுக்கான மாக்ஃபியூஸ் 2007 இல் வெளிவந்தது. ஃப்ரீபிஎஸ்டியில் பதிப்பு 10 முதல் ஃபியூஸ் உள்ளடங்கியுள்ளது. ஆயினும் அங்கு சாதாரணப் பயனர் ஏற்றுவதற்கு, விஎஃப்எஸ்.யூசர்மவுண்ட் என்னும் கருனி அமைப்பின் மதிப்பை நிர்வாகி 1 ஆக மாற்றுதல் வேண்டும்.