நிற்காமல் 13,890 கி.மீ. பறக்கும் பிசினஸ் ஜெட்: எப்படி சாத்தியம்?

பெரும் பணக்காரர்கள் பயன்படுத்தும் சில தனி விமானங்கள், வழியில் எங்கும் இறங்காமல் கண்டம் விட்டு கண்டம் பறக்கின்றன. அதில் பிரபலமான ஒன்று, அமெரிக்காவின் கல்ஃப்ஸ்ட்ரீம் நிறுவனத்தின் ஜி650ஈஆர். ஒரே மூச்சில் 13,890 கி.மீ. போகும் என்பது நிறுவனத்தின் கணக்கு. ஆனா, அந்த எண்ணுக்குப் பின்னாடி சில நிபந்தனைகள் இருக்கு. அவை என்ன? பார்க்கலாம்.

பாதி எடை எரிபொருள்தான்!

புறப்படும்போது இந்த விமானத்தின் அதிகபட்ச எடை சுமார் 47 டன். அதில் கிட்டத்தட்ட 22 டன் எரிபொருள். அதை இறக்கைகளுக்குள் நிரப்புகிறார்கள். முந்தைய ஜி650 மாடலைவிட இதில் சுமார் 1.8 டன் எரிபொருள் அதிகம். அதனால் மட்டும் 900 கி.மீ.க்கு மேல் கூடுதலாகப் பறக்க முடிகிறது.

ஏன் அவ்வளவு உயரம்?

பயணிகள் விமானங்கள் பொதுவாக 35,000 முதல் 40,000 அடி உயரத்தில் பறக்கும். இது 51,000 அடி வரை ஏறும். மேலே போகப் போக காற்றின் அடர்த்தி குறையும், எதிர்ப்பும் குறையும். ஆனால் டேங்க் நிறைய எரிபொருளோடு எடுத்ததும் அங்கே போய்விட முடியாது. எரிபொருள் செலவாகி எடை குறையக் குறைய, படிப்படியாகத்தான் ஏறும்.

வேகம் கூடினால் தூரம் காலி

13,890 கி.மீ. என்பது ஒலியின் வேகத்தில் 85 சதவீதத்தில், அதாவது மணிக்கு சுமார் 900 கி.மீ. வேகத்தில் பறந்தால் கிடைப்பது. அதையே 90 சதவீதமாக உயர்த்தினால் 11,853 கி.மீ.தான். மணிக்கு 50 கி.மீ. வேகம் கூடியதற்கு, 2,000 கி.மீ. தூரம் போச்சு!

காரணம் என்ன? ஒலியின் வேகத்தை நெருங்கும்போது இறக்கை மேல் அதிர்வலைகள் உருவாகி, காற்றின் எதிர்ப்பு சட்டென்று எகிறும். அதைத் தள்ளிப்போடத்தான் இறக்கைகள் பின்னோக்கிச் சாய்ந்திருக்கின்றன.

19 பேர் இடம், 8 பேர் கணக்கு

இதில் 19 பேர் வரை உட்காரலாம். ஆனால் அதிகபட்ச தூரத்தைக் கணக்கிடுவது 8 பயணிகளை வைத்துத்தான். ஆள் கூடினால் எரிபொருளைக் குறைக்க வேண்டி வரும். எதிர்க்காற்று பலமாக இருந்தாலும் தூரம் குறையும்.

சுற்றுச்சூழல் கேள்வி எழுவதும் இங்கேதான். ஒரு கிலோ விமான எரிபொருள் எரிந்தால் 3 கிலோவுக்கு மேல் கார்பன் டை ஆக்சைடு வெளியாகும். 20 டன் எரித்தால் 60 டன்னைத் தாண்டும். 8 பேருக்குப் பிரித்தால், ஒரே பயணத்தில் தலைக்கு 7 டன்னுக்கும் மேல்!