பாணி (சொற்செயலி)

பாணி என்பது சொற்செயலி ஆவணமொன்றில் எழுத்துரு, அளவு, வரி இடைவெளி, தலைப்பு நிலை முதலிய வடிவமைப்புக் கூறுகளை ஒரே பெயரின் கீழ்த் தொகுத்து வைக்கும் முறை ஆகும். பலர் சேர்ந்து எழுதும் நீண்ட ஆவணங்களில் வடிவமைப்புச் சீராக அமைய இதுவே அடிப்படை.

செயற்படும் முறை

ஒரு பத்திக்குத் "தலைப்பு 1" என்ற பாணி தரப்பட்டால், அப்பத்தி தன் தோற்றத்தை அப்பாணியிலிருந்து பெறுகிறது. பாணியை மாற்றினால் அதைப் பயன்படுத்தும் எல்லாத் தலைப்புகளும் மாறும். பொருளடக்கமும் தலைப்பு எண்களும் பாணிகளைக் கொண்டே தானாக உருவாகின்றன. மாறாக, சொற்களைத் தெரிவு செய்து நேரடியாக அளவையோ தடிப்பையோ மாற்றுவது நேரடி வடிவமைப்பு எனப்படும். இது பாணியை மீறி நிற்பதால், பின்னர் பாணியை மாற்றினாலும் அவ்விடங்கள் மாறுவதில்லை.

தமிழ் ஆவணங்களில் எழும் சிக்கல்கள்

தமிழ் ஆவணங்களில் இச்சிக்கல் தோற்றத்தோடு நிற்பதில்லை. 1999இல் சென்னையில் நடைபெற்ற தமிழ்நெட் 99 மாநாட்டைத் தொடர்ந்து தமிழக அரசு டாம், டாப் குறியேற்றங்களை ஏற்றது. இலங்கையில் பாமினி எழுத்துரு பரவலாக வழங்கியது. இவற்றில் எழுத்துருவே உரையைத் தமிழாகக் காட்டுகிறது. எனவே இத்தகைய உரைக்கு ஒருங்குறி எழுத்துரு கொண்ட பாணியை இட்டாலோ, நேரடி வடிவமைப்பை நீக்கினாலோ, உரை பொருளற்ற உரோமன் எழுத்துகளாகவும் குறிகளாகவும் தோன்றும். முதலில் ஒருங்குறிக்கு மாற்றிய பின்னரே பாணி இடுதல் வேண்டும். 2010 சூனில் தமிழக அரசு ஒருங்குறியையும் டேஸ் 16 குறியேற்றத்தையும் தரமாக அறிவித்தது.

ஒருங்குறியிலும் ஒரு நுணுக்கம் உண்டு. மைக்ரோசாப்ட் வேர்டு, லிப்ரெஆபிஸ் ரைட்டர் ஆகியவை தமிழைச் சிக்கலான வரிவடிவமாகக் கொண்டு, அதற்கெனத் தனி எழுத்துருவையும் அளவையும் வைத்துள்ளன. உரோமன் எழுத்துக்கு மட்டும் அளவை வரையறுத்தால் தமிழ் வேறு அளவில் நிற்கும்.

எடுத்துக்காட்டு: சுற்றுச்சூழல் அறிக்கைகள்

எண்ணூர், திருவொற்றியூர் போன்ற தொழிற்பகுதிகளில் அமையும் துறைமுக, அனல்மின் திட்டங்களுக்கான சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிக்கைகள் காற்று, நீர், உயிரினம் எனப் பல துறை வல்லுநர்கள் சேர்ந்து எழுதுபவை. நடுவண் அரசின் 2006 செப்டம்பர் 14 அறிவிக்கை இவ்வறிக்கைக்குரிய இயல்களின் வரிசையை வகுத்துள்ளது. கருத்துக் கேட்புக்கான சுருக்கத்தை ஆங்கிலத்திலும் வட்டார மொழியிலும் தர வேண்டும் எனவும், அது மிகுதியாகப் பத்து ஏ4 பக்கங்களில் அமைய வேண்டும் எனவும் கூறுகிறது. அட்டவணை எண்களைக் கையால் இட்டிருந்தால், ஓர் இயலில் புதிய அட்டவணை சேர்ந்தவுடன் "அட்டவணை 4ஐக் காண்க" என்னும் குறிப்பு வேறோர் அட்டவணையைச் சுட்டும். தமிழ்ச் சுருக்கத்தில் எழுத்துகள் சிதைந்தால், அதை மட்டுமே நம்பிக் கூட்டத்திற்கு வரும் மீனவர்களுக்கு அவ்வாவணம் பயன்படாது.

கூட்டாக எழுதும்போது பின்பற்றத்தக்கவை

* எழுதத் தொடங்கும் முன்பே ஒரே வார்ப்புருவை அனைவருக்கும் அளித்தல்.
* பிற கோப்புகளிலிருந்து ஒருங்குறி உரையை எடுக்கும்போது வெறும் உரையாக ஒட்டி, பின்னர் பாணி இடுதல்.
* வெற்று வரிகளால் இடைவெளி விடாது, பத்தி இடைவெளியைப் பாணியிலேயே வரையறுத்தல்.
* அட்டவணை, பட எண்களைத் தானியங்கித் தலைப்பாகவும் குறுக்குச் சுட்டாகவும் இடுதல்.
* பாணிகளை மாற்றும் பொறுப்பை ஒருவரிடம் ஒப்படைத்தல்.

இவற்றையும் பார்க்க

* சொற்செயலி
* ஒருங்குறி
* தமிழ் எழுத்துருக்கள்